45-ம் நாள் ஊசியும் அந்த அரை மணி நேரமும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், இரண்டு மாதக் குழந்தை இறந்ததையும் தாய் கைதானதையும் பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. 'கல்நெஞ்சத் தாய்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதே செய்தியின் கடைசிப் பத்தியில் அக்கம்பக்கத்தார் சொன்னதாக ஒரு வரி: பிள்ளை பிறந்ததிலிருந்தே அந்தப் பெண் தூங்கவில்லை, தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார், யாரோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். செய்தியாளர் பொறுப்பாக விசாரித்துத்தான் எழுதியிருக்கிறார். தலைப்புப் போட்டவர் கடைசிப் பத்தி வரை வரவில்லை போலும்.

அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. அவருக்கு என்ன நோய், நோய்தானா என்பதையெல்லாம் செய்தித்தாளை வைத்துக்கொண்டு சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் அப்படி ஒரு வரியை ஒரு வீட்டிலிருந்து போனில் சொன்னார்கள் என்றால் எங்கள் துறையில் யாரும் மறுநாள் வரை காத்திருக்க மாட்டோம். அன்றைக்கே கூட்டிவரச் சொல்வோம்.

நான் மனநல மருத்துவர். கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்கள், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்று இவர்களை மட்டும் பார்க்கிறேன். திருநெல்வேலியில் இதைச் சொன்னால், "கைப்பிள்ளைக்கு என்ன டாக்டரம்மா மனநலம்?" என்று சிரிக்கிறார்கள். சக மருத்துவர்களும் சிரிக்கிறார்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பத்திரிகைகளில் எல்லாம் கலந்துகட்டி வருகிறது. பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமே தெரியாமல் அழுகை வருவது பாதிப் பேருக்காவது உண்டு. பக்கத்தில் ஒரு ஆள், நேரத்துக்குச் சாப்பாடு, கொஞ்சம் தூக்கம் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். மனச்சோர்வு என்பது வேறு. அது மெல்ல வரும், மாதக்கணக்கில் நிற்கும், வெளியே தெரியாது. மூன்றாவது வகை ஆயிரம் பிரசவத்தில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு வருவது. ஊரில் ஜன்னி கண்டுவிட்டது என்பார்கள், காற்று கருப்பு என்பார்கள். பெரும்பாலும் பிரசவமான இரண்டு வாரத்துக்குள் திடீரென்று தொடங்கும். தூக்கம் அறவே போகும்; இல்லாத குரல் கேட்கும்; காலையில் தெளிவாகப் பேசியவள் மாலையில் தன் பிள்ளையையே மாற்றிவிட்டார்கள் என்பாள். ஏற்கெனவே இருதுருவ மனநோய் (சில காலம் அளவுக்கு மீறிய உற்சாகம், சில காலம் சோர்வு என்று மாறி மாறி வருவது) உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு அதிகம். மருத்துவமனையில் சேர்த்தே ஆக வேண்டிய அவசரம் இது. சேர்த்தால் பெரும்பாலானோர் நன்றாகக் குணமாகிறார்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது லட்சம் பிரசவம் நடக்கிறது. அப்படியானால் ஆண்டுக்கு எண்ணூறு பெண்களாவது இந்த நிலைக்கு வருகிறார்கள். அத்தனை பேரும் எங்கே போகிறார்கள்? சிலர் எங்களிடம் வருகிறார்கள். பலர் கோயிலுக்கும் தர்காவுக்கும் மந்திரிக்கிற இடத்துக்கும் போய்விட்டு வருகிறார்கள். வராமலே போகிறவர்களில் யாராவது ஒருவர் உங்கள் பக்கத்தில் தலைப்பாகிறார்.

இடையில் ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் மனசு என்று எங்கள் தலையில் கட்டிவிடவும் கூடாது. பிரசவத்துக்குப் பின் கடுமையான தலைவலி, வலிப்பு, குழப்பம் என்று வந்தால் மூளைச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம், கிருமித் தொற்றாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம். அதையெல்லாம் முதலில் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்று நாளைக்கு இரண்டு தம்ளர் வெந்நீரோடு நிறுத்தும் வீடுகள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கின்றன. பச்சை உடம்புக்காரிக்கு உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் உறைய அதுவும் ஒரு காரணம். பத்தியம் இருக்கட்டும், பூண்டுக் குழம்பு இருக்கட்டும், காயம் உருண்டையும் இருக்கட்டும். தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள்.

இந்தக் கடிதம் முக்கியமாக இரண்டாவது வகையைப் பற்றியது, மனச்சோர்வு. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் நிறைமாதக் கர்ப்பிணிகளைப் பார்த்து, பிரசவத்துக்குப் பிறகு மறுபடி போய்ப் பார்த்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2002-ல் வெளியானது. புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் மட்டும் 11 சதவீதம். காரணங்களாக அவர்கள் கண்டவை: வருமானக் குறைவு, ஆண் பிள்ளை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் ஒத்துப்போகாதது, கர்ப்ப காலத்தில் நேர்ந்த கஷ்டங்கள், கைகொடுக்க ஆள் இல்லாதது. பெற்றோரோடு என்பதைக் கவனியுங்கள். தாய்வீடு என்றால் சொர்க்கம் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

என் அனுபவத்தில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ சீர் செய்து புகுந்த வீட்டுக்கு அனுப்பி வைக்கிறோமே, அதற்கு அடுத்த சில வாரங்கள் மோசமானவை. தாய்வீட்டில் ராத்திரி எழுந்து பிள்ளையை வாங்கிக்கொள்ள அம்மா இருந்தாள். இங்கே வந்த மறுநாளே அடுப்படி. கணவர் ஷார்ஜாவிலோ திருப்பூரிலோ. வீடியோ காலில் பிள்ளையைக் காட்டச் சொல்வார், காட்டுவாள். போனைப் பிடித்திருக்கும் கை மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

இப்போது நான் கேட்க வந்த விஷயம். நம் ஊரில் பிள்ளை பெற்றவள் தனக்கென்று ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை. பிள்ளைக்கென்றால் எந்தப் பாடுபட்டாவது வந்துவிடுவாள். ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசி, மூன்றரை மாத ஊசி. புதன்கிழமை துணை சுகாதார நிலையத்தில் போய்ப் பாருங்கள். பிள்ளையை எடை பார்க்கிறார்கள், தொடையில் பென்டா என்ற ஐந்து நோய்த் தடுப்பூசி போடுகிறார்கள், போலியோ சொட்டும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டும் விடுகிறார்கள், காய்ச்சல் வந்தால் கொடுக்க மருந்து தருகிறார்கள். அப்புறம், "அரை மணி நேரம் உட்கார்ந்துட்டுப் போம்மா" என்கிறார்கள். ஊசியால் ஏதாவது ஆகிறதா என்று பார்க்கத்தான் அந்த அரை மணி நேரம். பெஞ்சில் வரிசையாகத் தாய்மார்கள் மடியில் பிள்ளையோடு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். தமிழ்நாட்டின் ஊசித் திட்டம் அவ்வளவு ஒழுங்காக நடப்பதால், பிள்ளை பெற்ற ஏறக்குறைய எல்லாப் பெண்களும் ஏதோ ஒரு பெஞ்சில் அந்த அரை மணி நேரம் உட்காருகிறார்கள். வேறு எந்தத் துறை என்ன செலவு செய்தாலும் இப்படி ஒரு கூட்டத்தை ஒரே இடத்தில் கூட்ட முடியாது.

அந்த நேரத்தில் ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இவ்வளவுதான் என் யோசனை.

கேள்விகள் புதியவை அல்ல. பிரிட்டனில் மருத்துவச்சிகள் கேட்பவைதான்: கடந்த ஒரு மாதமாக அடிக்கடி மனசு சோர்ந்து, எதிலும் நம்பிக்கை இல்லாமல் இருக்கிறதா? வழக்கமாகப் பிடிக்கிற காரியத்தில்கூட ஆர்வம் இல்லாமல் போய்விட்டதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் 1987-ல் எடின்பரோவில் உருவாக்கிய பத்துக் கேள்விப் பட்டியல் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று மதிப்பெண், மொத்தம் 30. கடைசிக் கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கடைசிக் கேள்விக்கு 'இல்லவே இல்லை' தவிர வேறு பதில் வந்தால் அன்றைக்கே மேற்கொண்டு பேச வேண்டும். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகாதா என்று செவிலியர்கள் பயப்படுகிறார்கள். ஆகாது. கேட்டதும் பெரும்பாலானவர்கள் ஒரு பெருமூச்சு விடுகிறார்கள்.

நானாக இருந்தால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி கேட்பேன்: "பிள்ளை தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருதாம்மா?" பிள்ளை தூங்கவிடவில்லை என்பது எல்லா வீட்டிலும் உள்ளது. பிள்ளை தூங்கிய பிறகும் கண் மூடவில்லை என்றால் அது வேறு கதை. இந்தக் கேள்விக்கு யாரும் கூச்சப்படுவதில்லை. மாமியார் பக்கத்தில் இருக்கும்போதே பதில் சொல்லிவிடுவார்கள்.

மாமியார் பக்கத்தில் இருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். "இவளுக்கு என்ன கொற? வேளாவேளைக்கு நான் ஆக்கிப் போடுதேன்" என்று அவர் பதில் சொல்ல, மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவரை விரட்டக் கூடாது. விரட்டினால் அடுத்த முறை கூட்டிவர மாட்டார். "ஆச்சி, பிள்ளையக் கொஞ்சம் அந்த வேப்ப மரத்து நிழல்ல வச்சிருங்க, இங்க புழுக்கமா இருக்கு" என்றால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போவார். ஐந்து நிமிடம் கிடைத்துவிடும். அந்த ஐந்து நிமிடம் போதும்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஐந்தாம் மாதத்தில் என்னிடம் வந்தாள். அதுவும் நேராக வரவில்லை. தீராத தலைவலி என்று நரம்பு மருத்துவரிடம் போய், ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்க, அவர் அனுப்பி வைத்தார். வந்ததும் தடுப்பூசி அட்டையை எடுத்து நீட்டினாள். எந்த டாக்டரைப் பார்த்தாலும் அதைத்தான் நீட்டப் பழகியிருக்கிறாள். அட்டை சுத்தமாக இருந்தது. மூன்று ஊசியும் உரிய நாளில். பிள்ளையின் எடைக்கோடு நன்றாக ஏறியிருந்தது. ஆனால் தாய்க்கு எந்த நேரமும் ஒரே பயம்: பால் பத்தவில்லை, பிள்ளை ராத்திரி மூச்சை நிறுத்திவிடும். பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு படுகிறதா என்று பார்ப்பாள். பார்த்துவிட்டுப் படுப்பாள். மறுபடி எழுந்து பார்ப்பாள். விடியும் வரை இதே வேலை. மாமியாருக்கு, மருமகள் பிள்ளையின் மேல் உயிராக இருக்கிறாள் என்று பெருமை. மூன்று புதன்கிழமை, மூன்று அரை மணி நேரம் அவள் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். "பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்துச்சா, வயித்தாலப் போச்சா எல்லாம் கேட்டாங்க டாக்டர். என்னைய ஒண்ணும் கேக்கல" என்றாள். குறையாகக்கூடச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னாள்.

கிராம சுகாதார செவிலியர்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஊசி, எடை, கர்ப்பிணிப் பதிவு, கணினியில் ஏற்றுவது என்று அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். இன்னொரு படிவத்தைக் கொடுத்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அதனால்தான் பெரிய திட்டமாக ஒன்றும் கேட்கவில்லை. அரை மணி நேரம் ஏற்கெனவே இருக்கிறது, பெஞ்சும் இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-ல் தொடங்கியதிலிருந்து வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்கும் பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் புதன்கிழமை வந்து உட்காரலாம். படித்த டாக்டர் வேண்டும் என்பது இதில் கிடையாது. பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் இதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். மனநல மருத்துவர் ஆதிஃப் ரஹ்மானும் உடன் வேலை செய்தவர்களும் பள்ளிப்படிப்பு மட்டும் உள்ள சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையில் பயிற்சி கொடுத்தார்கள். 2008-ல் வந்த முடிவில், ஆறாம் மாதத்தில் அந்தச் சிகிச்சை கிடைத்த தாய்களில் 23 சதவீதம் பேருக்கு மட்டும் மனச்சோர்வு நீடித்தது. கிடைக்காதவர்களில் 53 சதவீதம். சிகிச்சை கிடைத்தவர்களின் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கும் குறைந்திருந்தது, ஊசியும் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் அதையே கையேடாக்கி வெளியிட்டது. கேரளத்தில் 'அம்மா மனசு' என்று ஒரு திட்டமே நடக்கிறது. நாம் ஊசி போடுவதில் அவர்களுக்கு எந்த விதத்திலும் குறைந்தவர்கள் அல்லர்.

கேட்டு என்ன செய்வது, அனுப்ப இடம் வேண்டாமா என்பார்கள். நியாயமான கேள்வி. மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர் இருக்கிறார், குறிப்பிட்ட நாளில் தாலுகா மருத்துவமனைக்கு வருகிறார். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. இருபத்துநான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். பலருக்கு இதுகூட வேண்டியிருக்காது. ராத்திரி ஒரு வேளைப் பாலை எடுத்து வைத்துவிட்டு, வேறு யாராவது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, அவள் ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கினால் பாதி தெளியும். இதை நான் மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கிறேன், கணவர் பெயரைப் போட்டு. டாக்டர் எழுதிக் கொடுத்தது என்றால் வீட்டில் மதிப்பு வேறு.

மருந்து தேவைப்படுகிறவர்களுக்கு வேறு ஒரு தொல்லை. செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரை தாய்ப்பாலில் மிக மிகக் குறைவாகத்தான் கலக்கிறது. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம். நான் இதைப் பதினைந்து நிமிடம் விளக்கி அனுப்புவேன். மருந்துக் கடையில், "பால் குடுக்கீங்களா? அப்ப இது வேண்டாமே" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். அவள் ஒன்று மாத்திரையை நிறுத்துவாள், இல்லை பாலை நிறுத்துவாள். இரண்டுமே கெடுதல். எல்லா மாத்திரையும் இப்படியல்ல என்பதும் உண்மை. வலிப்புக்கும் இருதுருவ நோய்க்கும் தரும் வால்ப்ரோயேட் கருவிலுள்ள பிள்ளையைப் பாதிக்கும்; அது போன்றவற்றைப் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்குக் கூடுமானவரை தரவே கூடாது, இன்னும் தருகிறார்கள். ஆகவே கேட்க வேண்டியது எழுதிக் கொடுத்த மருத்துவரிடம். கடைக்காரரிடமும் வேண்டாம், கூகுளிடமும் வேண்டாம்.

சரி, கைப்பிள்ளைக்கு என்ன மனநலம்? எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் ஒரு சோதனை செய்தார். தாய் முதலில் பிள்ளையைக் கொஞ்சி விளையாட வேண்டும். அப்புறம் கொஞ்ச நேரம் முகத்தில் ஒரு அசைவும் காட்டாமல் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. பிள்ளை முதலில் சிரித்துப் பார்க்கிறது. கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. தாயின் முகம் மாறவில்லை என்றதும் பார்வையைத் திருப்பிக்கொள்கிறது. கடைசியில் உடம்பு தளர்ந்து அழுகிறது. பேச்சு வராத, உட்காரக்கூடத் தெரியாத பிள்ளை. எங்கள் ஆச்சிகளிடம் இதைச் சொன்னால், இதுக்கு ஒரு சோதனையா என்பார்கள். காலில் போட்டு எண்ணெய் தேய்க்கும்போது "யாரு அடிச்சா? மாமா அடிச்சானா?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளை 'உங்கு' என்று சொல்லும் வரை ஆச்சி காத்திருப்பார். சொன்னதும், "ஓ, அவன்தானா!" என்பார். பேச்சும் பதிலும் முறை போட்டு நடக்கும். மனச்சோர்வில் இருக்கும் தாயால் முடியாமல் போவது இந்தக் காத்திருப்புதான். பாசம் இல்லாமல் இல்லை. முகம் அசைய மறுக்கிறது.

முன்னே சொன்ன பெண்ணின் பிள்ளை என் அறைக்கு வந்ததும் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தான். அம்மாவின் மடியில் மல்லாந்து படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. "என் முகம் இவனுக்குப் பிடிக்கல டாக்டர்" என்றாள். இந்த இடத்தில் ஆறுதல் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, நம்ப மாட்டாள். அவளுடைய போனிலேயே மூன்று நிமிடம் படம் எடுத்தோம், அவள் பிள்ளைக்கு ஜட்டி மாற்றுவதை. பிறகு இருவரும் உட்கார்ந்து ஓடவிட்டுப் பார்த்தோம். தப்பைச் சுட்டிக்காட்ட ஓரிடத்திலும் நிறுத்த மாட்டோம், அது இந்த முறையின் விதி. அவள் குனிந்து துணியைத் தேடும்போது, ஒரு நொடி, பிள்ளை விசிறியை விட்டு அவள் தலையுச்சியைப் பார்க்கிறான். அவள் நிமிர்வதற்குள் பார்வை போய்விடுகிறது. அந்த நொடியில் நிறுத்திக் காட்டினேன். "என்னையவா பாக்கான்?" என்றாள். வேறு யார் இருக்கிறார்கள் என்றேன். இன்னொரு தடவை ஓட்டச் சொன்னாள். அந்தப் படத்தை வீட்டிலும் போட்டுப் பார்த்திருக்கிறாள், கணவருக்கும் அனுப்பியிருக்கிறாள். மாத்திரையும் வேலை செய்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த சில வாரங்களில் பிள்ளை விசிறியை மறந்தான்.

இந்த வேலையில் என்னை எரிச்சலூட்டும் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். மூன்று வாரப் பிள்ளையோடு கடுமையான நிலையில் வந்த ஒரு பெண்ணை ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினேன். "தாயைச் சேர்த்துக்கறோம், பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்றார்கள். பிள்ளை போய்விட்டது. இரண்டு நாளில் அவளுக்கு மார் கட்டி, காய்ச்சல். மனநலப் பிரிவில் அதைக் கவனிக்க ஆள் இல்லை. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் பெண்ணிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. பிள்ளைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் மேற்பார்வையில் தாய் பிள்ளையைப் பார்க்க விட வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்த முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும். சட்டம் இருக்கிறது, தொட்டில்தான் இல்லை. தாயையும் பிள்ளையையும் சேர்த்தே அனுமதிப்பது 1948-லேயே இங்கிலாந்தில் தாமஸ் மெயின் என்ற மருத்துவர் தொடங்கிய பழக்கம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநலப் பிரிவில் மனநோயாளியோடு குடும்பத்தார் தங்குவது பல பத்தாண்டுப் பழக்கம். நம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒவ்வொன்றிலும் மனநலப் பிரிவில் இரண்டு கட்டில், இரண்டு தொட்டில், கூட இருக்க ஒரு பெண் உதவியாளர் என்றால் அது கோடிக்கணக்கில் செலவாகும் காரியமா?

என் ஊசி நாள் யோசனையில் ஒரு ஓட்டை இருக்கிறது. படிப்பவர்களில் சிலருக்கு இதற்குள் தோன்றியிருக்கும். பிள்ளை இறந்து பிறந்தவளுக்கு 45-ம் நாள் ஊசி கிடையாது. அட்டை கிடையாது, அந்த பெஞ்சுக்கு அவள் வரப்போவதில்லை. பிள்ளை பிறந்தவர்களுக்கு நடுவே அதே வார்டில் படுத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போவாள். மூன்றாம் நாள் பால் சுரக்கும் என்றுகூட அவளிடம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நனைந்த ஜாக்கெட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள். பால் வற்ற மாத்திரை உண்டு. கேட்கத் தெரிந்தவர்களுக்குக் கிடைக்கிறது. "அடுத்த வருஷமே இன்னொண்ணு பெத்துக்கலாம்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போகிறது. இவர்களுக்கு மட்டும் செவிலியர் வீடு தேடிப் போவதைத் தவிர வழி இல்லை. பட்டியல் மருத்துவமனையில் இருக்கிறது, எண்ணிக்கையும் பெரிதல்ல. ஊசிக்கு வராத வீடு என்று பெயரை அடித்துவிடாமல், அதே வாரம் அங்கே போய் அதே கேள்விகளைக் கேட்கலாம்.

இன்னொரு கணக்கு. மகப்பேறு மரணம் என்று உலகெங்கும் எண்ணுவது பிரசவத்துக்குப் பின் 42 நாள் வரை நிகழ்வதை. பிரிட்டனில் ஓராண்டு வரை இறந்த ஒவ்வொரு தாயைப் பற்றியும் விசாரிக்கிறார்கள். ஆறு வாரத்திலிருந்து ஓராண்டு வரையான காலத்தில் தற்கொலை முன்வரிசைக் காரணம் என்று அதனால்தான் அவர்களுக்குத் தெரியவந்தது. நம் கணக்குப் புத்தகத்தை 42-ம் நாளில் மூடுகிறோம். மூன்று நாள் கழித்து அவள் ஊசிக்கு வருகிறாள்.

சுகாதாரத் துறையில் இதைப் படிக்கும் அதிகாரி யாராவது ஒரே ஒரு வட்டாரத்தில் தொடங்கிப் பார்க்கட்டும். திருநெல்வேலி மாவட்டத்தில் எந்த வட்டாரமானாலும், தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தர நான் வருகிறேன். பயணப்படி வேண்டாம். அந்தக் கேள்விகளையும் 14416-ஐயும் ஒரு அட்டையில் அச்சடித்து நானே கொண்டுவருகிறேன். புதன்கிழமை காலையில் எனக்கு ஓ.பி. இல்லை.

இப்படிக்கு,
தாய்-சேய் மனநல மருத்துவர்,
திருநெல்வேலி.